ஏலத்தோட்டத்து ஜீப்பு



இந்த முறை ஜீப் பற்றி எழுதப் போகிறேன். "பி.காம் படிக்கிறவனுக்கும் ஜீப்புக்கும் என்னடா சம்பந்தம், இதெல்லாம் மெக்கானிக்கல் பசங்க எழுத வேண்டியது" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் சிரிப்பான். சிரிக்கட்டும். பாதிக்கு மேல் ஒரு கணக்கு வருகிறது. அது நம்ம டிபார்ட்மென்ட் கணக்கு. அதுவரை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் புலம்பல்.

ஊரில் இப்போது எல்லோருக்கும் தார் பைத்தியம். கல்யாணத்துக்கு வருகிற மாப்பிள்ளை முதல் காலேஜ் வாசலில் நிற்கிற ஜூனியர் வரை போனில் வால்பேப்பர் அதுதான். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தேனி மாவட்டத்தில் ஜீப் என்று சொன்னால் அதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. அதிகாலையில் போடியிலோ, தேவாரத்திலோ, கம்பத்திலோ, கூடலூரிலோ ஒரு டீக்கடைப் பக்கம் போய் நின்று பாருங்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, இடுப்பில் சுருக்குப்பை. வரிசையாக வண்டிகள். "ஏறுக்கா, ஏறுக்கா, இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம்." அந்த 'இன்னும் ரெண்டு பேர்'தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை

ஜீப் பிறந்தது சண்டைக்காக. 1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது: இலேசான, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டு வா என்று. பென்சில்வேனியாவில் பான்டம் என்கிற சின்னக் கம்பெனி அந்த வருடம் செப்டம்பர் 23-ம் தேதி வண்டியைக் கொண்டு போய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் கிடைத்தது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். (சின்ன முதலாளி கண்டுபிடிப்பான், பெரிய முதலாளி விற்பான். இது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.) போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள். ராணுவக் காகிதத்தில் அதன் பெயர் 'கால் டன் டிரக்'. அதாவது சுமார் 250 கிலோ சுமக்கிற வண்டி. நாலு சிப்பாய், கொஞ்சம் சாமான். அவ்வளவுதான் கணக்கு.

இந்தியாவுக்கு வந்த கதையும் சுவாரசியமானது. 1945 அக்டோபர் 2-ம் தேதி லூதியானாவில் தொடங்கிய கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்டு முகமது. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே 1948-ல் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று மாறியது. முதலில் பாகங்களாகக் கொண்டு வந்து பம்பாயில் பூட்டினார்கள், பிறகு உரிமம் வாங்கி இங்கேயே செய்தார்கள். வில்லிஸின் 'சிஜே 3பி' என்கிற மாடல் அமெரிக்காவில் 1968-ல் நின்று போனது. நம் ஊரிலோ அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டு இன்னும் பல பத்தாண்டுகள் ஓடின. எம்எம் 540, மேஜர், கமாண்டர், மார்ஷல் எல்லாம் ஒரே குடும்பம். 2010-ல் வந்த முதல் தாரும் அதே வம்சம்தான். 2020 அக்டோபர் 2-ல் வந்த புதுத் தார்தான் முழுக்கப் புது உடம்பு.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2018-ல் மஹிந்திரா அமெரிக்காவில் 'ராக்ஸர்' என்று பழைய ஜீப் முகத்தோடு ஒரு வண்டியை விற்கப் போக, ஜீப் பெயரை வைத்திருக்கும் கம்பெனி 'இது எங்கள் மூஞ்சி' என்று வழக்குப் போட்டது. கடைசியில் 2020-ல் முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே முகத்துக்கே கேஸ். இங்கே அதே முகம் முப்பது வருடமாக மலை ஏறிக்கொண்டிருக்கிறது, கேட்க நாதியில்லை :-)

ஏன் இங்கே ஜீப்?

எங்கள் வடுகபட்டி சமவெளி ஊர். பூண்டுச் சந்தைக்குப் பேர் போனது. மண்டிப் பக்கம் நடந்தால் சட்டையெல்லாம் பூண்டு வாசம். ஆனால் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மேற்கே மலைதான். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி. அங்கே ஏலத்தோட்டம். தோட்டம் அங்கே, ஆள் இங்கே. காய் எடுக்க, களை எடுக்க, கவாத்துப் பண்ண இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து காலையில் போய் சாயங்காலம் திரும்புகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். விளைந்த காயில் ஒரு பகுதி மறுபடி கீழே இறங்கி போடிக்கு ஏலத்துக்கு வருகிறது.

ஏறுவதற்கு முக்கியமாக மூன்று வழி. போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு. கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு. லோயர்கேம்ப் வழியாகக் குமுளி. பெரிய ரோட்டில் பஸ் போகும், மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் பெரிய ரோட்டில் இருக்காது. அங்கிருந்து உள்ளே கல்லும் சேறுமாக ஒரு தடம் போகும். மழை பெய்தால் அந்தத் தடமே ஓடை. அந்தத் தடத்தில் ஏறக்கூடிய, பஸ்ஸை விட சின்னதான, ஆட்டோவை விட பெரியதான ஒரே வண்டி ஜீப். அதனால்தான் ஜீப். ஸ்டைலுக்காக யாரும் கமாண்டர் வாங்கவில்லை.

இந்தப் போக்குவரத்து நின்றால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையின்போது எல்லைப் பாதைகள் அடைபட்டன. 2020-ல் கொரோனா ஊரடங்கில் மறுபடி அடைபட்டன. இரண்டு முறையும் அங்கே தோட்டத்தில் ஆள் இல்லை, இங்கே அடுப்பில் உலை இல்லை. இரண்டு மாநிலத்தையும் இணைக்கிற கயிறு அந்த ஜீப்புதான்.

வைத்திருக்கிறவன் பாடு

என் மாமா ஒருவர் பல வருடம் கமாண்டர் ஓட்டினார். ஸ்கூல் லீவில் அந்த வண்டியோடுதான் நான் கிடப்பேன். அதனால் ஓனர் பக்கமும் எனக்குத் தெரியும்.

குளிர் காலையில் சும்மா கிளம்பாது. ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், மேட்டில் நிறுத்தி உருட்டி எடுக்க வேண்டும். பட்டை பிளேட் உடையும். கிளட்ச் தேயும். டயர் மொட்டையாகும். பிரேக் டிரம் சூடாகி நாற்றம் அடிக்கும். ஒரே ஆறுதல், எல்லாவற்றையும் ஒரு ஸ்பேனர் செட்டை வைத்து ரோட்டோரத்திலேயே சரி பண்ணலாம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. "இந்த வண்டிக்கு டாக்டர் வேண்டாம்டா, நாட்டு வைத்தியரே போதும்" என்பார் மாமா. இன்று 12, 13 லட்சத்தில் ஆரம்பிக்கிற ராக்ஸ் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சுகமும் தெரியாது, இந்தத் துக்கமும் தெரியாது.

செலவு அதோடு முடியாது. வருடம் ஒருமுறை எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வரி, ஃபைனான்ஸ் தவணை. வண்டி பழசானால் இன்னும் மோசம். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. அதனால் ஓனருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அது 'இன்னும் ரெண்டு பேர்'.

ஒரு சின்ன உதாரணம். கணக்குக்காக மட்டும், போக வர ஒரு ஆளுக்கு 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 9 பேர் ஏற்றினால் 900. டீசலுக்கும் டிரைவருக்கும் போக தவணைக்கு மிச்சம் வராது. 16 பேர் ஏற்றினால் 1600. அந்த 700 ரூபாய்தான் ஓனரின் லாபம். அதாவது அனுமதித்த ஆட்கள் செலவைச் சுமக்கிறார்கள், அனுமதிக்காத ஆட்கள் லாபத்தைச் சுமக்கிறார்கள். ஓவர்லோடு என்பது இங்கே தப்பித் தவறி நடக்கிற தவறு இல்லை. தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. பேராசை என்று டிரைவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வார்கள்.

வண்டிக்கு என்ன ஆகிறது?

கால் டன் வண்டி என்று சொன்னேன் அல்லவா? கமாண்டர் அதை விட நீளம், எஞ்சினும் பெரிசு, சரி. ஆனால் 16 பேர் என்பது ஆளுக்கு 50 கிலோ போட்டாலே 800 கிலோ. அதில் பாதிக்கு மேல் பின்சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும்! பக்கவாட்டு பெஞ்சில் எதிரெதிராக முட்டி இடிக்க உட்கார்ந்து, இரண்டு பேர் பின்படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். மேடு ஏறும்போது முன்பக்கம் இலேசாகும், ஸ்டியரிங் பிடி கொடுக்காது. இறங்கும்போது மொத்தப் பாரமும் பிரேக்கில். உயரமான, குறுகலான, பட்டை மேல் நிற்கிற வண்டி. வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கிறவர்களும் அந்தப் பக்கமே சாய்வார்கள், ஏனென்றால் பெல்ட்டும் கிடையாது, பிடிக்கக் கம்பியும் கிடையாது. தலைக்கு மேலே இருப்பது படுதா. வண்டி கவிழ்ந்தால் படுதா யாரைக் காப்பாற்றும்?

ஜீப் மாதிரி வண்டிகள் கவிழும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க ராணுவம் ஜீப்புக்குப் பின் பயன்படுத்திய 'எம் 151' வண்டி வளைவில் கவிழ்கிறது என்று பேர் வாங்கியதால், பழசானதைப் பொதுமக்களுக்கு விற்காமல் துண்டு துண்டாக வெட்டித்தான் கழித்தார்கள். சிப்பாய் ஓட்டிய வண்டியை சிவிலியன் ஓட்டக் கூடாது என்று அவ்வளவு அக்கறை.

2023 ஆகஸ்ட் 25-ம் தேதி வயநாட்டில் மானந்தவாடி பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பெண்கள் இறந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் தெருவில் பலரும் பேசியது ஒன்றுதான்: "நம்ம வண்டியும் இப்படித்தானே போகுது."

இப்போது நம்ம டிபார்ட்மென்ட் கணக்கு

விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்று நினைக்கிறோம். எவ்வளவு பேருக்கு? இங்கேதான் ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எதிர் அஞ்சனா ஷியாம், 2007. இமாசலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி உள்ள பஸ்ஸில் சுமார் 90 பேர் போய் விபத்து. கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு 42 பேருக்கு மட்டும். நஷ்ட ஈட்டுத் தொகைகளில் பெரிய 42-ஐக் கூட்டி அந்தப் பணத்தைக் கட்டினால் போதும். அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். மீதியை வண்டி ஓனரிடம் வசூல் பண்ணிக்கொள்ள வேண்டும்.

இதை நம் ஜீப்புக்குப் போட்டுப் பாருங்கள். அனுமதி 9 பேர், ஏறியது 16 பேர். ஆளுக்கு 4 லட்சம் என்று தீர்ப்பாகிறது என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 64 லட்சம். கம்பெனி கட்டுவது 9 பேருக்கு, அதாவது 36 லட்சம். அதை 16-ஆல் வகுத்தால் ஆளுக்கு இரண்டேகால் லட்சம். மீதி 28 லட்சத்தை ஓனரிடம் வாங்க வேண்டும். ஓனரிடம் என்ன இருக்கிறது? பள்ளத்தில் கிடக்கிற அந்த ஜீப்தான் இருக்கிறது!

கவனித்தீர்களா? பத்தாவதாக ஏறுகிற பெண் தன் இடத்துக்கு மட்டும் ஆபத்தைக் கொண்டு வரவில்லை. முதலில் ஏறி உட்கார்ந்த ஒன்பது பேரின் நஷ்ட ஈட்டையும் சேர்த்துக் குறைக்கிறாள். அவளுக்கு அது தெரியாது. அவளுக்கு அன்றைய கூலி வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வண்டி சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வெள்ளை போர்டு வண்டியாக இருந்தால் இதை விட மோசம். வாடகைக்கு ஓட்டியது பாலிசி விதி மீறல் என்று கம்பெனி வாதாடும். வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும்.

அபராதம் போட்டால் தீருமா?

"போலீஸ் பிடித்து ஃபைன் போட்டால் சரியாகிவிடும்" என்பது பொதுவான பேச்சு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய். எப்போதாவது ஒரு நாள் மாட்டினால் அதையும் டீசல் செலவு மாதிரி கணக்கில் எழுதிக்கொண்டு மறுநாள் 17 பேரை ஏற்றுவார்கள். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்கள் போக மாற்று ஏற்பாடு செய்த பிறகே வண்டி நகர வேண்டும். விடிகாலையில் போடிமெட்டுப் பாதியில் இறக்கிவிட்டால் என்ன மாற்று ஏற்பாடு? அந்த நாள் கூலி போச்சு, அவ்வளவுதான். கடைசியில் தண்டனை யாருக்கு என்று யோசியுங்கள்.

"அப்படியானால் சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறாயா?" என்று கேட்காதீர்கள். நான் கேட்பது நேர் எதிரானது. பொதுப் போக்குவரத்து வேலையைச் செய்கிற வண்டியைப் பொதுப் போக்குவரத்து என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு முறையை உண்டாக்குங்கள் என்கிறேன்.

முறை வைத்தால் நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்து மலை, ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்து சூரியநெல்லியில் இருந்துதான் ஏற வேண்டும். சூரிய உதயம் பார்க்கப் போகிற டூரிஸ்டுகளுக்கு அங்கே ஒரு ஜீப்புக்கு 6 பேர். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி சுற்றுலா ஜீப் சவாரிகளையே நிறுத்தி வைத்து ஒழுங்குபடுத்தக் கிளம்பியது. நல்ல விஷயம். ஆனால் அதே மாதிரி வண்டி, அதே மாதிரி தடம். சூரியனைப் பார்க்கப் போகிறவனுக்கு ஆறு பேர் கணக்கு, சூரியன் வருவதற்குள் வேலைக்குப் போகிறவளுக்குப் பதினாறு பேர் கணக்கா?

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் இருந்து சந்தக்பூ வரை 1950-களின் லேண்ட் ரோவர்கள் பல காலம் ஓடியதைப் படம் பிடிக்க வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்தார்கள். பழைய வண்டிக்கு அங்கே மரியாதை. நம் கமாண்டரையும் ஒருநாள் அப்படி மியூசியத்தில் வைக்கலாம். அதற்கு முன்னால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மரியாதையைக் கொடுப்போம்.

என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒன்று, தோட்டத் தொழிலாளர் வண்டி என்று தனியாக ஒரு பர்மிட். மாநில எல்லை தாண்டுவதால் இரண்டு மாநிலத்தின் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது. தேனியும் இடுக்கியும் உட்கார்ந்து பேசி, ஒரே விண்ணப்பத்தில் அதை முடித்துக் கொடுக்கலாம். பர்மிட் வாங்குவது சுலபமானால் வெள்ளை போர்டு தானாகக் குறையும்.

இரண்டு, ஆளுக்கு ஒரு சீட், முன்னோக்கி. படுதாவுக்குக் கீழே இரும்புக் கம்பிக் கூடு, பெல்ட். எத்தனை பேர் என்பதை வண்டியின் பக்கவாட்டில் பெரிதாகத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும். ஏறுகிறவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்று, குறைந்த ஆட்களை ஏற்றினால் வரும் நஷ்டத்தைத் தோட்ட முதலாளி ஏற்க வேண்டும். ஐடி கம்பெனி தன் ஆட்களுக்கு வேன் அனுப்புகிறது, அது தொழில் செலவு. ஏலத்தோட்டத்துக்கு மட்டும் ஏன் அது தொழிலாளியின் செலவாக, தொழிலாளியின் உயிராக இருக்க வேண்டும்? சின்னத் தோட்டக்காரர்களால் தனியாக முடியாது என்பது உண்மை. நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசலாம்.

நான்கு, இது அரசாங்கத்துக்கு இல்லை, நமக்கு. பேங்க் அக்கவுண்ட் இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. வயது 18 முதல் 70 வரை. வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதனால் ஜீப் பாதுகாப்பாகிவிடாது. ஆனால் 20 ரூபாய் என்பது இரண்டு டீ. நம் வகுப்பில் அம்மாவோ, அத்தையோ, மதினியோ மலைக்குப் போகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். இந்த வாரமே பேங்குக்குக் கூட்டிப்போய் ஒரு ஃபாரம் பூர்த்தி பண்ணிக் கொடுங்கள். மூன்று வருடம் காமர்ஸ் படித்ததற்கு அதுவாவது உபயோகமாக இருக்கட்டும்.

தார் வாங்க ஆசைப்படுகிற நண்பர்களே, தாராளமாக வாங்குங்கள், மலையில் ஏற்றுங்கள், படம் போடுங்கள். உங்கள் வண்டிக்கு 'முரட்டு வண்டி' என்று பேர் வாங்கிக் கொடுத்தது இந்த மாதிரி மலைத் தடங்களில் சேறு குடித்த பழைய ஜீப்புகளும், அதில் முட்டி இடிக்க உட்கார்ந்து போனவர்களும்தான். போடிமெட்டு வளைவில் எதிரே ஒரு கமாண்டர் திணறி ஏறி வந்தால் ஹாரன் அடிக்காமல் ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. அந்த ஒரு விதியாவது அவர்கள் பக்கம் இருக்கட்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இது எப்படி நடக்கிறது? வால்பாறை, நீலகிரி ஆட்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் திட்டாமல் சொல்லுங்கள். பரீட்சை முடிந்ததும் அடுத்த விஷயத்தோடு வருகிறேன்.